வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கியில் துணி கிழிதல்: காரணமும் பரிகாரமும்

(தாமிரபரணிப் பள்ளத்தாக்குக் கிராமவாசிகளுக்கான சொற்பொழிவின் வாசகம்)



பொதிகை மலையில் பிறந்து, பாபநாசத்தில் சமவெளி கண்டு, புன்னைக்காயலில் கடலோடு கலக்கும் தாமிரபரணி நதியினால் காரும் பிசானமும் விளையும் பூமி இது. இப்பூமியின் மேற்கு ஓரத்தில், கடையம், பாபநாசம், மணிமுத்தாறு, களக்காடு முதலிய மலையடிவாரக் கிராமங்களில், விளைச்சல் வீடு வந்து சேரும்வரை குடியானவனுக்கு நித்திரை இல்லை. நெல் பால் பிடிக்கும் காலத்திலும், வாழை குலை தள்ளும் காலத்திலும், நிலக்கடலை முற்றும் காலத்திலும் காட்டுப்பன்றிகள் இறங்கி ஒரே இரவில் பல மாத உழைப்பைப் பாழாக்குகின்றன. இக்காரணத்தால் சில வீடுகளில் தலைமுறை தலைமுறையாக லைசென்சுடன் கூடிய வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கி, அதாவது நாட்டுத் துப்பாக்கி என்று ஜனங்கள் வழங்கும் ஆயுதம், இருந்து வருகிறது. அத்தகைய துப்பாக்கியில் மிகச் சிறிய உறுப்பாகிய துணித்துண்டைப் பற்றியதே இச்சொற்பொழிவு. காலணாப் பெறாத துணி கிழிவதால் குழல் வெடிக்கவும், கை போகவும், வைக்கோற்போர் எரியவும் கூடும் என்பதை அறிந்தால் விஷயம் அற்பமானதன்று என்பது விளங்கும்.

சட்டம் கூறுவது

முதலில் சட்டத்தை நினைவில் வைப்பது முறை. பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை 1801-ஆம் வருஷம் மே மாதம் 24-ஆம் தேதி வீழ்ந்த பின்னர், அவ்வருஷம் டிசம்பர் மாதம் 1-ஆம் தேதி சென்னைக் கவர்னராயிருந்த கிளைவ் பிரபு வெளியிட்ட பிரகடனத்தினால் தென்சீமைப் பாளையக்காரர்களும் அவர்களுடைய சேவகர்களும் ஆயுதம் தாங்குவது தடுக்கப்பட்டது. பின்னர் 1878-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் தேசம் முழுவதும் லைசென்சு முறையைப் பரப்பிற்று. சுதந்திரத்துக்குப் பின் இயற்றப்பட்ட 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டமே இன்று வழங்குவது. இதன்படி துப்பாக்கி வைத்திருப்பதற்கு லைசென்சு வேண்டும். துப்பாக்கியைச் செய்வதற்கும் பழுது பார்ப்பதற்கும் தொழில் லைசென்சு வேண்டும்.

துப்பாக்கி லைசென்சு என்பது வேட்டைக்கு அனுமதி அன்று. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், உரிய அதிகாரியின் உத்தரவின்றி வனவிலங்கைச் சுடுவது குற்றமாகும். முண்டந்துறை 1962-ஆம் வருஷத்தில் புலிகளுக்கான சரணாலயமாயிற்று. களக்காடும் முண்டந்துறையும் சேர்ந்து 1988-ஆம் வருஷம் புலிகள் காப்பகமாயின. பன்றித் தொல்லை குறித்து 2025-ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில் தமிழ்நாடு அரசு ஓர் ஏற்பாடு அறிவித்தது. அதன்படி காப்புக்காட்டின் எல்லையிலிருந்து 1 கிலோமீட்டர் வரை பன்றியைச் சுடலாகாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடவேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் வனத்துறையினரே சுடுவர். ஆகையால் குடியானவன் தானே சுட்டுவிடலாம் என்று எண்ணுவது பிசகு. பன்றி வந்தால் வனத்துறைக்குத் தகவல் கொடுப்பதே அவனுடைய கடமை. இங்கே கூறப்படுவன யாவும் லைசென்சில் கண்ட காரியத்துக்கும், அனுமதி பெற்ற மைதானத்தில் இலக்குப் பார்த்துச் சுடும் பயிற்சிக்கும் மட்டுமே பொருந்துவன.

துணியின் வேலை யாது?

வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கிகளில் இரண்டு வகை உண்டு. உட்புறம் வழுவழுப்பான குழலுடையது ஒரு வகை. உட்புறத்தில் திருகாணியின் மரைபோல் சுற்றிச் செல்லும் பள்ளங்களை உடையது மற்றொரு வகை. இதுவே ரைபிள் எனப்படுவது. பள்ளத்துக்கும் பள்ளத்துக்கும் இடையே உள்ள மேடுகள் குண்டைப் பற்றிச் சுழற்றுவதால், அது பம்பரம்போல் சுழன்றுகொண்டு நேராகச் செல்லுகிறது.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. குண்டு குழலுக்கு இறுக்கமாக இருந்தால் வாய்வழியே உள்ளே இறங்காது. தளர்வாக இருந்தால் மரையைப் பற்றாது. இச்சிக்கலைத் தீர்க்கும் பொருட்டே குழலைவிடச் சற்றுச் சிறிய ஈயக்குண்டை எண்ணெயிட்ட துணியில் பொதிந்து இறக்கும் வழக்கம் உண்டாயிற்று. 1800-ஆம் வருஷத்தில் பிரிட்டிஷ் படையில் சேர்க்கப்பட்ட பேக்கர் ரைபிளின் கட்டையில், எண்ணெயிட்ட துண்டுகளை வைப்பதற்கென்றே பித்தளை மூடியுள்ள சிறு அறை அமைந்திருந்தது. பின்வந்த பிரன்ஸ்விக் ரைபிளிலும் பொதிதுணி உண்டு; ஆனால் சில வெடிகளுக்குப் பின் புகைக்கசடு படிந்து குண்டு இறங்க மறுப்பது அதன் பெருங்குறையாக இருந்தது. 1853-ஆம் வருஷத்து என்பீல்டு ரைபிளில் துணி நீங்கிக் கொழுப்புத் தடவிய காகிதத் தோட்டா வந்தது. அக்கொழுப்பு எதனுடையது என்ற ஐயம் 1857-ஆம் வருஷத்துச் சிப்பாய்களின் எழுச்சிக்கு ஒரு காரணமாயிற்று என்பது யாவரும் அறிந்த சரித்திரம்.

பொதிதுணியின் வேலைகள் மூன்று. முதலாவது, குண்டுக்கும் குழலுக்கும் இடையிலுள்ள சந்தை அடைத்து, மருந்தின் ஆவி முன்னே கசியாமல் தடுப்பது. இரண்டாவது, மரையின் சுழற்சியைக் குண்டுக்குக் கொடுப்பது. மூன்றாவது, குண்டை மருந்தின்மேல் அசையாமல் நிறுத்தி வைப்பது. இம்மூன்றாவது வேலையைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. உயிருக்கு ஆபத்து நேர்வது பெரும்பாலும் அதிலேதான்.

கெட்டிக்கும்போதே துணி கிழிந்துவிட்டால் குண்டு தளர்ந்து நிற்கும். துப்பாக்கியின் வாய் கீழ்நோக்கிச் சாயும்போது அக்குண்டு மருந்தை விட்டு நகர்ந்து குழலின் நடுவே வந்து தங்கும். மருந்துக்கும் குண்டுக்கும் இடையே இவ்வாறு வெற்றிடம் உண்டானால், வெடிக்கும்போது நடுவே நிற்கும் குண்டு அடைப்பைப்போல் ஆவியைத் தடுக்கிறது. அவ்விடத்தில் குழல் வீங்கும். சில சமயம் பிளந்துவிடும். குழலைத் தாங்கியிருப்பது சுடுபவனுடைய இடக்கை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

சுட்ட துணியைப் படித்தல்

வைத்தியன் நாடி பார்ப்பதுபோல, துப்பாக்கியின் நிலையைச் சுட்ட துணியைக்கொண்டு அறியலாம். பொதிதுணி குண்டோடு தொலைதூரம் செல்வதில்லை. குழல்வாயைவிட்டு வெளிவந்ததும் குண்டைப் பிரிந்து, சுடுமிடத்துக்கு முன்னே ஐந்து முதல் பதினைந்து தப்படிக்குள் விழும். ஐந்து வெடி வெடித்தபின், துப்பாக்கியில் மருந்து இல்லை என்பதை உறுதிசெய்துகொண்டு, அத்துணிகளைப் பொறுக்கி ஒரு பலகைமேல் வரிசையாகப் பரப்பவேண்டும்.

நன்றாக வேலை செய்த துணி வட்டமாகவே இருக்கும். அதன் நடுவில் குண்டு அமர்ந்த இடம் சற்றுக் கறுத்திருக்கும். அதைச் சுற்றி மரையின் மேடுகள் அழுத்திய தடங்கள் சம இடைவெளியில் தெரியும். ஓரத்தில் நூல் சிறிது பிரிந்திருப்பது குற்றமன்று. இத்தகைய துணியை மறுபடியும் பயன்படுத்தலாம் போல் தோன்றும். ஆனால் தீப்பட்ட நூல் வலுவிழந்துவிடுமாதலால் அவ்வாறு செய்யலாகாது.

குற்றமுள்ள துணிகள் நான்கு விதமாகத் தோன்றும். நடுவில் ஓட்டை விழுந்து, ஓட்டையின் விளிம்பு கருகியிருப்பது முதல் விதம். மேடுகளின் தடத்திலே கத்தியால் கீறியதுபோல் வெட்டு விழுந்திருப்பது இரண்டாம் விதம். ஓட்டை இல்லாமல், மடிப்புகளின் வழியே கறுப்புக் கோடுகள் ஓரம்வரை ஓடியிருப்பது மூன்றாம் விதம். துணியென்று சொல்லமுடியாதபடி நார் நாராகச் சிதறியிருப்பது அல்லது துணியே அகப்படாமற்போவது நான்காம் விதம்.

வெட்டா, தீயா?

இரண்டாம் விதமும் நான்காம் விதமும் கண்டால், துணி கிழிந்தது கெட்டிக்கும்போதா, வெடிக்கும்போதா என்பதை முதலில் நிர்ணயிக்க வேண்டும். இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. மருந்தும் கேப்பும் இல்லாத வெறுந்துப்பாக்கியில், வழக்கம்போல் துணியும் குண்டும் வைத்து, குழல்வாயினின்றும் ஒரு சாண் ஆழத்துக்கு மட்டும் இறக்கவேண்டும். பின்னர்ச் சலாகையின் முனையில் திருகூசியைப் பொருத்தி, ஈயக்குண்டில் திருகி வெளியே இழுக்கவேண்டும். தீயே படாத அத்துணியில் வெட்டு இருந்தால் குற்றம் குழலின் வாயிலோ, மரையின் மேட்டிலோ, குண்டின் அளவிலோ உள்ளது. துணி முழுமையாக வந்தால் குற்றம் தீயின் பக்கத்தது. அதாவது துணியின் வலு, எண்ணெய், மருந்தின் அளவு ஆகிய மூன்றில் ஒன்று.

இச்சோதனையைச் செய்யாமல், துணி கிழிகிறதென்றவுடன் மருந்தைக் குறைப்பவரும், துணியை மாற்றுபவரும், குண்டை மாற்றுபவரும் உண்டு. நோயை அறியாமல் மூன்று மருந்தை ஒன்றாகக் கொடுத்தால் எது குணம் செய்தது, எது கெடுதல் செய்தது என்று தெரியாது. ஒரு சமயத்தில் ஒன்றையே மாற்றி, ஐந்து வெடி பார்த்து, ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்பவனே விரைவில் காரணத்தைக் காண்பான்.

வெட்டுக்குப் பரிகாரம்

புதுக்குழலின் வாய்விளிம்பும் மரையின் மேடுகளும் கூராக இருக்கும். துணி உள்ளே நுழையும்போது அவ்விளிம்பே அரிவாள்மணைபோல் அறுத்துவிடுகிறது. பழங்குழலில் துரு அரித்த குழிகள் இருந்தாலும் இதே பலன் உண்டாகும். விளிம்பை நயமான உப்புத்தாளினால் சமமாக மெருகிட்டு உருட்டையாக்கினால் வெட்டு நின்றுவிடும். ஆனால் ஒரு பக்கம் அதிகமாகவும் ஒரு பக்கம் குறைவாகவும் தேய்ந்துவிட்டால், குண்டு வெளிவரும்போது ஆவி ஒரு புறமாகக் கசிந்து குறி தவறும். ஆதலின் இவ்வேலையை அரத்தைக்கொண்டு வீட்டில் செய்தல் கூடாது. லைசென்சு பெற்ற துப்பாக்கித் தொழிலாளியிடமே கொடுக்கவேண்டும். உட்குழலின் மேடுகளை மழுக்குவதும், துருக்குழியை ஆராய்வதும் அவனுக்கே உரிய வேலைகள். துருக்குழி ஆழமானால் குழலின் வலுவே சந்தேகத்துக்குரியது. அதைச் சுடாமல் ஒதுக்கி வைப்பதே விவேகம்.

விளிம்பு நன்றாயிருந்தும் துணி வெட்டுப்பட்டால் குண்டு பெரிதாக இருக்கலாம். இதற்கு ஒரு கணக்கு உண்டு. உதாரணமாக, மேட்டுக்கு மேடு 12.7 மில்லிமீட்டர் அகலமுள்ள குழலுக்கு 12.45 மில்லிமீட்டர்க் குண்டு பொருந்தும் என்று வைத்துக்கொண்டால், இரண்டு பக்கத்திலும் சுமார் 0.12 மில்லிமீட்டர் சந்து இருக்கும். பள்ளத்தின் ஆழம் 0.25 மில்லிமீட்டர் எனில், பள்ளத்தில் சந்து சுமார் 0.37 மில்லிமீட்டர் ஆகும். ஆகவே 0.38 மில்லிமீட்டர் கனமுள்ள துணி பள்ளத்தை நிரப்பும். மேட்டில் நசுங்கி இறுகும். துணி இதனினும் மிக மெல்லியதானால் பள்ளத்தின் வழியே ஆவி கசியும். மேற்கூறிய மூன்றாம் விதக் கறுப்புக் கோடுகளுக்குக் காரணம் இதுவே. கனமான துணியே இதற்குப் பரிகாரம். மிகத் தடித்ததானால் சுத்தியல் கொண்டு அடித்தாலன்றி இறங்காது. அடிபட்ட துணி கிழியும்.

துணியின் கனத்தை அளக்க நுண்கருவி இல்லாத கிராமத்தில், துணியைப் பத்து அடுக்காக மடித்து, இரண்டு மரப்பலகைகளுக்கு இடையே இறுக அழுத்தி, மாணவர் அளவுகோலால் அளந்து பத்தால் வகுக்கலாம். பத்து அடுக்கு ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் இருந்தால் ஓர் அடுக்கு 0.4 மில்லிமீட்டர் என்று கொள்ளலாம்.

துணியைத் தெரிந்தெடுத்தல்

நெருக்கமாக நெய்த பருத்தித் துணியே உத்தமம். லினன் துணியும் ஆகும். திருநெல்வேலிச் சீமையில் துணிக்குக் குறைவில்லை. இப்பிரதேசம் பருத்திக்குப் பேர்போனது; 1880-களில் பாபநாசம் அருவியின் நீர்விசையைக்கொண்டு ஹார்வி துரைமார் நூல் ஆலை நிறுவியதும் அக்காரணத்தாலேயே. வீரவநல்லூரிலும் கல்லிடைக்குறிச்சியிலும் தறிச்சத்தம் நெடுங்காலமாகக் கேட்டு வந்திருக்கிறது. ஆயினும் நல்ல வேஷ்டித் துணி எல்லாம் நல்ல பொதிதுணி ஆகிவிடாது. மல் துணியும் வேஷ்டியும் மெல்லியவை. காடாத் துணி, டிரில் துணி, மெத்தை உறைத் துணி ஆகியவையே போதிய கனமுள்ளவை.

நெய்யும்போது பாவுக்குக் கஞ்சி போடுவது தறிக்காரர் வழக்கம். அக்கஞ்சி துணியில் இருக்குமளவும் அது விறைப்பாக நிற்கும். எண்ணெயையும் நன்றாக உறிஞ்சாது. ஆதலின் புதுத்துணியை வெந்நீரில் சோப்பிட்டு இரண்டு முறை துவைத்து, அலசி, உலர்த்தியபின்னரே வெட்டவேண்டும். சலவைக்காரம் மிகுதியாய்ப் போட்டுப் பலநாள் வெளுத்த பழந்துணி நூல் நைந்திருக்குமாதலால் அது ஆகாது. இரண்டு கட்டைவிரல்களையும் அருகருகே வைத்து அழுத்தி இழுத்தால் சிரமமின்றிக் கிழியும் துணி, குழலில் நிச்சயமாய்க் கிழியும்.

இக்காலத்தில் கடைத்துணியில் பாலியெஸ்டர் முதலிய செயற்கை நூல் கலந்திருப்பது சாதாரணம். அது தீயில் உருகிக் குழலின் உட்புறத்தில் ஒட்டிக்கொள்ளும். ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பார்த்தால் உண்மை தெரியும். பருத்தி நூல் காகிதம் எரியும் வாசனையுடன் எரிந்து சாம்பலாகும். செயற்கை நூல் உருகி மணிபோல் திரளும். மணி திரண்ட துணியைத் தள்ளிவிடவேண்டும்.

எண்ணெயும் மெழுகும்

நடுவில் கருகிய ஓட்டை விழுவதற்கு முதற்காரணம் எண்ணெய் போதாமை. வறண்ட துணி வறண்ட ஓலைபோல் பற்றிக்கொள்ளும். வெளித்தோற்றத்தில் ஈரமாயிருந்தால் போதாது. நூலின் உள்ளே எண்ணெய் ஊறியிருக்கவேண்டும். ஆமணக்கெண்ணெய் வெப்பத்தைத் தாங்கி வழுக்கும் குணமுடையது, எளிதில் உலராதது. மலையடிவாரத்தில் தேன்மெழுகும் கிடைக்கும். ஒரு பங்கு மெழுகை மூன்று பங்கு ஆமணக்கெண்ணெயோடு இளஞ்சூட்டில் உருக்கி, துணியைத் தோய்த்து, பிழிந்து ஆறவைத்தால் நல்ல பொதிதுணி கிடைக்கும். சித்திரை வைகாசி வெயிலில் அது ஒழுகினால் மெழுகைச் சற்றுக் கூட்டவேண்டும். மெழுகை உருக்கும் அடுப்பு மருந்துப் பெட்டி இருக்கும் வீட்டுக்குள் இருத்தலாகாது.

நல்லெண்ணெய் நாளாக ஆகப் பிசுபிசுக்கும். ஆதலின் அன்று தடவி அன்றே முடிப்பதற்கு மட்டும் ஆகும். பெட்ரோலியத்தினின்றும் பிரியும் யந்திர எண்ணெய்களோ கருமருந்தின் கசட்டோடு சேர்ந்து தார்போல் இறுகும். எண்ணெயிட்ட துணியை மாதக்கணக்கில் சேமித்து வைப்பதும் தவறு. பிசான காலத்து மழை ஈரத்தில் பூசணம் பிடித்து நூல் மக்கிவிடும். பார்வைக்கு நன்றாயிருந்தும் வெடியில் பஞ்சாய்ப் பறக்கும். ஒருநாளைக்கு வேண்டியதை மட்டும் தயாரித்துக்கொள்வதே நலம்.

எண்ணெய் மிகுந்தாலும் குற்றமே. அது மருந்தில் கசிந்து அதை நனைத்துவிடும். அத்தகைய மருந்து பற்றாது. அல்லது தாமதித்துப் பற்றும். மருந்துக்கும் பொதிதுணிக்கும் இடையே தடித்த அட்டையினாலோ கம்பளி பெல்ட்டினாலோ வெட்டிய ஒரு வட்டத்தை வைத்தால், அது எண்ணெயையும் தடுக்கும், தீயின் முதல் வேகத்தையும் தாங்கும். நடு ஓட்டைக்கு இதைவிட எளிய பரிகாரம் இல்லை.

மருந்தும் கசடும்

கருமருந்து என்பது நூற்றுக்கு 75 பங்கு வெடியுப்பும், 15 பங்கு கரியும், 10 பங்கு கந்தகமும் சேர்ந்தது. அது எரிந்தபின் எடையில் பாதிக்கு மேற்பட்டது ஆவியாகாமல் திடப்பொருளாக மிஞ்சுகிறது. குழலில் படியும் கசடு அதுவே. முதல் வெடியில் நன்றாயிருந்த துணி நான்காம் வெடியில் கிழிகிறதென்றால் குற்றம் துணியிலன்று, கசட்டில் உள்ளது. ஒவ்வொரு வெடிக்கும் பின் ஈரத்துணியாலும், அதன்பின் உலர்ந்த துணியாலும் குழலைத் துடைத்தால் இக்குற்றம் நீங்கும்.

லைசென்சில் அனுமதித்த மருந்தை, லைசென்சு பெற்ற கடையில் வாங்கி, துப்பாக்கி செய்தவர் குறித்த அளவுக்கு மேற்படாமல் இடவேண்டும். அளவு மிகுந்தால் துணி எரியும். அதுவே முதல் எச்சரிக்கை. அதையும் கடந்தால் குழல் எச்சரிக்காது. பட்டாசைப் பிரித்தெடுத்த மருந்தைத் துப்பாக்கியில் இடுவது தன் கையைத் தானே வெட்டிக்கொள்வதற்கு ஒப்பாகும். பட்டாசு மருந்தில் அலுமினியப் பொடி கலந்திருக்கும். அது கருமருந்தைப்போல் படிப்படியாக அன்றி ஒரே கணத்தில் வெடிக்கும். புகையற்ற மருந்தும் அவ்வாறே இக்குழல்களுக்கு எமன்.

கனலும் துணி

இனி வழுவழுப்பான குழலுடைய துப்பாக்கிக்காரரும் கவனிக்கவேண்டிய விஷயம். ரவையை நிறுத்துவதற்காகத் தேங்காய் நார், பழந்துணி, காகிதம் முதலியவற்றை அடைப்பதுண்டு. உலர்ந்த இவை யாவும் எரியாமல் கனன்றுகொண்டிருக்கும் தன்மையுடையன. கிழிந்த பொதிதுணியின் நாரும் அத்தகையதே.

இக்கனல் இரண்டு இடங்களில் ஆபத்து விளைவிக்கும். வெளியே விழுந்தால், கோடையில் காய்ந்த புல்லையும், பனையோலைக் குடிசையையும், வைக்கோற்போரையும் பற்றும்; ஆனி ஆடிக் காற்றில் மலையடிவாரம் முழுவதும் பரவும். உள்ளே தங்கினால் அதனினும் கொடிது. குழலின் அடியில் ஒரு நார் கனன்றுகொண்டிருக்க, சுடுபவன் அடுத்த மருந்தைக் கொட்டினால், மருந்து அவன் முகத்துக்கு நேரே சீறும். மருந்துக்கொம்பிலிருந்து நேராகக் கொட்டினால் கொம்பிலுள்ள மருந்து முழுவதும் பற்றிக் குண்டுபோல் வெடிக்கும். ஆதலின் மருந்தைக் கொம்பினின்றும் சிறு அளவைக் குப்பியில் எடுத்து, கொம்பை மூடி அப்பால் வைத்துவிட்டு, குப்பியிலிருந்தே குழலில் இடவேண்டும். இடுமுன் ஈரத்துணியால் துடைப்பது கசட்டுக்கு மட்டுமன்று, கனலை அணைப்பதற்குமாகும். சுட்ட துணிகள் எண்ணிக்கையில் குறைந்தால், அகப்படாத துணி எங்கே என்பதைத் தேடிப் பார்க்காமல் இடத்தைவிட்டு அகலலாகாது. மைதானத்தில் ஒரு குடம் தண்ணீர் எப்பொழுதும் இருக்கட்டும்.

கெட்டிக்கும் முறை

சலாகையை முழுக்கையால் ஒரே மூச்சில் தள்ளினால் அது வளைந்து முறியும். முறிந்த மரம் உள்ளங்கையில் பாயும். ஒரு சாண் நீளமாகப் பிடித்துச் சிறுகச் சிறுக இறக்கவேண்டும். முகத்தையும் மார்பையும் குழல்வாய்க்கு நேரே வைக்கலாகாது. வெறுங்குழலில் சலாகை எவ்வளவு இறங்குகிறது என்பதற்கு ஒரு கோடும், சரியாகக் கெட்டித்தபின் எவ்வளவு இறங்குகிறது என்பதற்கு மற்றொரு கோடும் சலாகையில் கீறி வைத்தல் நலம். இரண்டாம் கோடு குழல்வாயில் வந்து பொருந்தினால் குண்டு மருந்தின்மேல் அமர்ந்துவிட்டது என்று அறியலாம். கோடு மேலே நின்றால், குண்டு நடுவழியில் தங்கியிருக்கிறது. அந்நிலையில் கேப்பு வைக்கவே கூடாது. கெட்டித்த துப்பாக்கியை வாய் சாய்த்து நடந்து வந்தபின்னும் இக்கோட்டை மறுபடி பார்க்கவேண்டும்.

கேப்பு வெடித்தும் மருந்து பற்றாவிடில், குழல்வாயை இலக்கின் திசையிலேயே பிடித்தபடி இரண்டு நிமிஷமாவது பொறுக்கவேண்டும். ‘பற்றவில்லை’ என்று உடனே வாயை எட்டிப் பார்த்தவர் பலர் பார்வையை இழந்திருக்கின்றனர். கெட்டித்த துப்பாக்கியை வீட்டில் வைத்தலும், இரவு முழுவதும் அப்படியே விடுதலும் தகா. எண்ணெய் மருந்தில் இறங்கும் என்பது ஒரு காரணம்; வீட்டில் குழந்தைகள் இருப்பது அதனினும் பெரிய காரணம். வேலை முடிந்ததும் வெந்நீரால் குழலைக் கழுவித் துடைத்து, உலர்ந்தபின் மெல்ல எண்ணெயிட்டு வைக்கவேண்டும். அடுத்த முறை கெட்டிக்குமுன் அவ்வெண்ணெயைத் துடைத்துவிடவேண்டும். கழுவாத குழலில் ஒரே இரவில் துரு ஏறும், அத்துரு குழியாகும், அக்குழி மறுபடி துணியைக் கிழிக்கும்.

முடிவுரை

அன்பர்களே! துணி கிழிந்தால் முதலில் அதைப் பொறுக்கிப் பார்க்கவும். மருந்தில்லாமல் இறக்கி இழுத்து, வெட்டா தீயா என்று தெரிந்துகொள்ளவும். வெட்டானால் தொழிலாளியிடம் குழலின் வாயைக் காட்டவும், குண்டின் அளவைச் சரிபார்க்கவும். தீயானால் துணி, எண்ணெய், மருந்து என்னும் வரிசையில் ஒன்றொன்றாக மாற்றிப் பார்க்கவும். ஒவ்வொரு வெடிக்கும் பின் ஈரத்துணியால் துடைக்கவும். சலாகையின் கோட்டைப் பாராமல் கேப்பு வைக்காதிருக்கவும்.

பன்றி தின்ற வாழையை அடுத்த பருவத்தில் மறுபடி நடலாம். போன விரலும் கண்ணும் எந்தப் பருவத்திலும் முளைப்பதில்லை. ஒரு முழம் காடாத் துணியும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் அவை போகாமல் காத்துக்கொள்ளலாம்.